கரண்டுக்கு வடிகால் வெட்டியவர்

செய்தி மின்கம்பத்தின் உச்சியிலிருந்து வந்தது. எங்கள் கீழவெளி லைனில் தென்னை மட்டை விழுந்து கம்பி தொய்ந்திருந்தது. அதை இழுத்துக் கட்ட லைன்மேன் ஏறியிருந்தார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயதில் வேறு என்ன வேலை. அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு மறு கையால் பேசினார். பேசி முடித்துக் கீழே குனிந்து, "பெரியப்பா, கரண்டம்மா போயிட்டாங்களாம்" என்றார்.

என் காதில் பாதிதான் விழுந்தது. "நீதானப்பா டிரான்ஸ்பார்மர்ல நிறுத்திட்டு ஏறுன, கரண்டு போவாம என்ன செய்யும்" என்றேன். அவர் கம்பியை அப்படியே விட்டுவிட்டார். பிறகு இறங்கி வந்து, செருப்பைக்கூட மாட்டாமல் என் பக்கத்தில் நின்று மறுபடி சொன்னார். அப்போதுதான் விளங்கியது. பேராசிரியர் ரஹ்மத்துன்னிசா அன்று விடியற்காலையில், பாபநாசம் பக்கத்தில் இருக்கும் தம் வீட்டில், தூக்கத்திலேயே காலமாகிவிட்டார். அவர் சாவுச் செய்தியை நான் இப்படிக் கேட்டேன் என்று அவரிடமே சொல்ல முடிந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் சேர்ந்து நினைவு மலர் போடுகிறீர்கள் என்றும், ஊர்ப் பக்கத்திலிருந்து நான் நாலு வார்த்தை தர வேண்டும் என்றும் கேட்டீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே திருத்தப் பார்க்கிறாள். கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் அவரை வகுப்பறையில் பார்த்தவர்கள். நாங்கள் சேற்றில் பார்த்தவர்கள். இரண்டும் ஒரே அம்மாதானா என்பதை நீங்கள்தான் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் அவர் எங்கள் வரப்பில் வந்தது எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. ஒரு கையில் செருப்பு, மறு கையில் ஒரு மஞ்சள் மீட்டர். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். "அண்ணே, இந்த லைன் எங்க முடியுது?" என்று கேட்டார். எங்கள் ஊருக்கு வருகிற அதிகாரிகள் எல்லாரும் லைன் தொடங்குகிற இடத்தைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். முடிகிற இடத்தைக் கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். "இதோ, எங்க போர்செட்டுலதாங்க முடியுது" என்றேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குத் தெற்கே, குடமுருட்டி ஆற்றைத் தாண்டி. மேலவெளி, கீழவெளி என்று இரண்டு பாகமாக நிலம். டிரான்ஸ்பார்மர் மேலவெளியில். அங்கிருந்து கம்பி வயல் வயலாக நடந்து வந்து கீழவெளியில் முடியும். வந்து சேர்வதற்குள் கரண்டு இளைத்துப்போகும். மோட்டார் முனகும், தண்ணீரைத் தூக்காது. கொஞ்ச நேரம் முனகவிட்டால் உள்ளே சுற்றிய கம்பி, காயில், எரிந்துவிடும். அம்மா மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்களுக்கு வர்றது கரண்டு இல்ல, கரண்டோட வாசனை" என்றார். பிறகு கம்பி வந்த வழியை நிமிர்ந்து பார்த்து, "அப்ப நீங்க இந்த லைனுக்குக் கடைமடை" என்றார்.

அவரைப் பெற்ற அத்தா நெல் மண்டி வைத்திருந்தவர். அதனால் எங்கள் வார்த்தையெல்லாம் அவருக்கு வரும். வாய்க்காலின் கடைசியில் இருப்பவன் கடைமடை. மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் அவனுக்குத் தண்ணீர். தண்ணீருக்கு நாங்கள் கடைமடை என்பது தாத்தா காலத்திலேயே தெரியும். கரண்டுக்கும் அதுதான் என்று ஒரு படித்தவர் வாயால் கேட்டதும் எங்களுக்கு ஒரு திருப்தி. அன்றைக்கே அவருக்குக் 'கரண்டம்மா' என்று பெயர் வைத்தாகிவிட்டது. 'கடைமடை' என்ற அந்த ஒரு வார்த்தை பின்னால் என்ன பாடு படுத்தப் போகிறது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அவருடைய ஆராய்ச்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்களுக்கு அவர் சொன்ன விதத்தைச் சொல்கிறேன். மேலவெளி தொடங்கிக் கீழவெளி வரை மோட்டார் கொட்டகை ஒவ்வொன்றின் மேலும் கல்லூரி சார்பில் சோலார் தகடு வைத்து, அதை இதே லைனில் சேர்ப்பது. மோட்டார் ஓடினால் தகட்டுக் கரண்டு மோட்டாருக்கு. ஓடாவிட்டால் லைனுக்கு. பஞ்சாயத்துக் கட்டடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, "வெயில் எல்லார் கொட்டகையிலயும் ஒரே நேரத்துல விளையும். ஊர்ல எல்லா வயலும் ஒரே நாள்ல அறுப்புக்கு வந்தா ஆள் எங்க, வண்டி எங்க, களம் எங்க? அதத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன்" என்றார். பின்னால் இருந்த ஒருவர், "அப்ப அறுப்பு மிஷினுக்கு மொறை போடற வேலைன்னு சொல்லுங்க" என்றார். அம்மா கையைத் தட்டிவிட்டார். "அதேதான். இத்தன வருஷமா எங்க வீட்டுக்காரருக்கு வெளங்கல. ஒங்களுக்கு ஒரே பேச்சுல வெளங்கிட்டு."

அவருக்கு ஒரு பயம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் அவரைச் சொன்னதாகாது. அறுத்த நெல் தாளில் மேய வாத்துக்கூட்டம் ஓட்டி வருவார்கள். அம்மாவுக்கு வாத்து என்றால் ஆகாது. ஒருமுறை வரப்பில் நடுவே மாட்டிக்கொண்டார். இருபக்கமும் வாத்து. பதினோராயிரம் வோல்ட் கம்பிக்குக் கீழே சாவகாசமாக நின்று பேசுகிறவர், மீட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அண்ணே, இதுங்களைக் கூப்புடுங்க" என்று கத்தினார். "கடிக்காதுங்கம்மா" என்றேன். "கடிக்காதுன்னு அளந்தீங்களா?" என்றார். எதற்கும் அவர் கேட்கிற கேள்வி அது. மழை வரும் என்றாலும், விலை ஏறும் என்றாலும், சாம்பாரில் உப்புக் கம்மி என்றாலும், 'அளந்தீங்களா?'

தகடு வைத்த முதல் சாகுபடி நன்றாகவே போயிற்று. அடுத்த குறுவையில்தான் வந்தது வினை. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதம். வந்ததும் மேலவெளி மதகோடு நின்றுவிட்டது. கீழவெளி முழுக்கப் போர்செட்டை நம்பி நட்டிருந்தோம். பயிர் பூத்துப் பால் பிடிக்கிற சமயம். அந்த நேரம் காய்ந்தால் கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, பூராவும் பதர். சரியாக அந்தச் சமயத்தில் எங்கள் மோட்டார்கள் நின்றன.

காலையில் கொஞ்சம் ஓடும். வெயில் ஏற ஏற இன்னும் நன்றாக ஓட வேண்டியது. உச்சிக்கு வந்ததும், தகட்டோடு வைத்த பெட்டியில் சிவப்பு விளக்கு போட்டு மோட்டார் நின்றுவிடும். வோல்டேஜ் குறைந்தாலும் நிறுத்தும், கூடினாலும் நிறுத்தும், மோட்டார் எரியாமல் இருப்பதற்காக என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆனால் கூடி நாங்கள் எந்தக் காலத்தில் பார்த்தோம்? குறைந்துதான் நின்றிருக்கிறது என்று முடிவு கட்டினோம். குறைந்தால் யார் காரணம்? கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் யார் காரணமோ அவர்கள்தான். அம்மாவே சொல்லிவிட்டாரே, நாங்கள் கடைமடை என்று.

மேலவெளியில் முதல் போர்செட் தங்கராசுவுடையது. அவர் என் மனைவி செல்லத்தின் அண்ணன், எனக்கு மச்சான். மதகுப் பலகையை யார் இறக்கியது என்ற ஒரு பழைய தகராறில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. கீழவெளி ஆட்கள் ஏழெட்டுப் பேர் உச்சிவெயிலில் அங்கே போனோம். மோட்டார் நின்றிருந்தது. கொட்டகை பூட்டியிருந்தது. மச்சான் புங்க மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். பார்த்ததும் எங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது ஒன்றும் புரியவில்லை.

"கரண்ட கட்டி வச்சிட்டுத் தூங்குறியா?" என்றேன்.

துண்டை எடுக்காமலே கேட்டார்: "கரண்ட கட்டி வைக்க அது என்ன மாடா?"

"பூட்டுன கொட்டகையில என்னத்த ஒளிச்சு வச்சிருக்க? தொற."

"தொறக்குறேன். ஒண்ணும் இல்லன்னா எல்லாரும் உள்ள போயி கூட்டிப் பெருக்கிட்டுப் போவணும்."

திறந்தார். ஒரு மண்வெட்டி, யூரியா சாக்கு, ஒரு வெள்ளாடு. ஆடு எங்களைப் பார்த்தது. "மோட்டாருக்கு மத்தியானம் ஓய்வு குடுத்திருக்கேன்யா. வெயில்ல ஓட்டுனா காயில் எரியாது? மேலவெளியே இப்ப நிறுத்திதான் கெடக்கு" என்றார். நாங்கள் நம்பவில்லை. கூட்டிப் பெருக்கவும் இல்லை.

சாயங்காலம் கூடிப் பேசி, தகட்டையெல்லாம் கழற்றிக் கல்லூரிக்கே திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. வீட்டில் சொன்னேன். செல்லம் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எங்கண்ணன் தண்ணி திருடுனான்னு சொன்னீங்க, சரி, கேட்டுக்கிட்டேன். கரண்டு திருட அவனுக்கு அறிவு பத்தாதுங்க. மொதல்ல அந்த அம்மாவுக்குப் போன் போடுங்க."

மறுநாள் உச்சிக்கு முன்னால் அம்மா வந்துவிட்டார். எங்கள் கோபத்தை எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு அவருடைய கேள்வியைக் கேட்டார். நாங்கள் அளக்கவில்லை. அவர் அளந்தார். சிவப்பு விளக்கு விழுகிற அந்த நொடியில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை பெட்டியைப் போட்டு, நிற்கும்வரை பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. எங்கள் பயிரைத் திரும்பிப் பார்த்ததும் போய்விட்டது.

"அண்ணே, ஒங்களுக்குக் கொறையல. கூடிப்போச்சு."

"யாருக்கு?"

"கீழவெளிக்கு."

எல்லாரும் மீட்டரை எட்டிப் பார்த்தோம். யாரோ ஒருவர் மட்டும், "மீட்டர் ரிப்பேருங்களாம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அம்மா வரப்பில் உட்கார்ந்தார். "ஐப்பசி மழையில ஒங்க வயலுக்கு என்ன ஆவும்?" என்றார். "முழுகிப்போவும்" என்றோம். "ஏன்?" "வடியறதுக்கு வழி இருக்காதுங்க." "அதேதான். மேலவெளியில மத்தியானம் மோட்டார நிறுத்திடுறாங்க. அங்க விளையற கரண்டு செலவாவல. இங்க விளையறதும், போர்ல ஊத்துத் தண்ணி எறங்கிடும்னு நீங்க ஆளுக்கு மொறை வச்சு ஓட்டுறதால முழுசா செலவாவல. போக எடம் இல்லாம கம்பியோட கடைசியில வந்து வோல்டேஜ் ஏறி நிக்குது. பெட்டி பயந்து நிறுத்திடுது. ஒங்களுக்கு வாய்க்கால் பஞ்சம் இல்லண்ணே, வடிகால் பஞ்சம்."

வறட்சியிலும் வெள்ளத்திலும் முதலில் போவது கடைமடைதான் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் கரண்டில் வெள்ளம் வரும் என்று யார் கண்டது? அம்மா தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார். "தப்பு என்னோடது. பேச வசதியா இருக்கட்டும்னு ஒங்க வார்த்தைய எடுத்தேன். வார்த்தையோட சேத்து சண்டையும் வந்துட்டு. வாத்தியாரு இனிமே பாத்துப் பேசணும்."

வழி என்ன என்று கேட்டோம். பேட்டரி வைக்கலாம், வேறு பெட்டி மாற்றலாம், ஆனால் அதெல்லாம் வந்து சேர்வதற்குள் கதிர் பதராகிவிடும் என்றார். "இப்பவே முடியறது ஒண்ணுதான். மத்தியானத்துல மேலவெளி மோட்டாரெல்லாம் ஓடணும். அவங்க இன்னும் எடுக்கணும். நீங்க போய்க் கேளுங்க."

"என்னன்னு கேக்கறது?"

"கரண்ட இன்னும் நெறைய எடுத்துக்குங்கன்னு."

எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருமினார். பாட்டன் காலம் தொட்டு மேலவெளியிடம் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கொஞ்சம் விடுங்கள் என்பது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்ட கடைமடைக்காரன் காவிரிப் பாய்ச்சலில் எங்கேயும் கிடையாது. "நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "நான் சொன்னா ஒரு நாள் ஓட்டுவாரு. நீங்க சொன்னா குறுவை முழுக்க ஓட்டுவாரு. தகடும் கம்பியும் என் பொறுப்பு. மச்சான் ஒங்க பொறுப்பு."

போனேன். வழியெல்லாம் என் பயிரின் வெடிப்பைப் பார்த்துக்கொண்டே போனேன். இல்லாவிட்டால் கால் திரும்பியிருக்கும். அம்மா கொஞ்சம் பின்னால் வந்தார். மச்சான் அதே கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "என்ன மாப்ளே, கூட்டிப் பெருக்க வந்தியா?" என்றார்.

எனக்கு வாயில் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க பக்கம் கரண்டு மிச்சமா இருக்கு மச்சான். நீங்க எடுத்துக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "இவனுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லீங்களா?" என்றார். அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

"என்ன சூழ்ச்சி இது? நான் ஓட்டி என் மோட்டார் எரியணும், அதானே?" என்றார் மச்சான். அம்மா நேராக மோட்டாரிடம் போனார். "போடுங்க. நான் கையை இது மேலயே வச்சிருக்கேன். கை பொறுக்குற சூடுன்னா மோட்டாரும் பொறுக்கும். நான் கையை எடுத்தா நீங்க நிறுத்திடுங்க." மோட்டார் ஓடியது. ஒரு பேராசிரியர், கொட்டகைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆடு புடவைத் தலைப்பை மெல்வதையும் விலக்கிவிட்டுக்கொண்டு, அந்த மத்தியானம் முழுவதும் இருந்தார். கையை எடுக்கவே இல்லை. மச்சானுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மற்ற மேலவெளிக்காரர்களுக்கு அவரே போன் போட்டார். "ஓட்டுங்கய்யா. கேக்காத, ஓட்டு" என்றார்.

கீழவெளியிலிருந்து செல்லம் போனில் கூப்பிட்டாள். பச்சை விளக்கு எரிகிறது, மோட்டார் நிற்கவில்லை, குழாயில் தண்ணீர் தொடை கனத்துக்கு விழுகிறது என்றாள். அண்ணனிடம் கொடுக்கச் சொன்னாள். அண்ணனும் தங்கையும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, மச்சான் சிரித்தார்.

அதோடு முடியவில்லை. மேலவெளி வயல்களில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்து கிடந்தது. புதிதாக இறைத்ததை எங்கே வைப்பது? வரப்பில் தண்ணீர் வடியும் கண்ணியைத் திறந்து வாய்க்காலில் விட்டார்கள். வாய்க்கால் எங்கே வரும்? எங்களிடம்தான். சாயங்காலம் எங்கள் தலைவரப்பில் நுரையோடு தண்ணீர் வந்து நின்றது. மேலவெளித் தண்ணீர் கேட்காமல் வந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தக் குறுவை பால் பிடித்தது. கதிர் தலை சாய்ந்தது. தகடு கழற்றும் பேச்சை எடுத்தவர்கள், தாங்கள் எடுக்கவே இல்லை என்று இன்றும் சாதிக்கிறார்கள்.

பிறகு கல்லூரியிலிருந்து தானாக ஓட்டி நிறுத்தும் பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். அதை ஏன் முதலிலேயே வைக்கவில்லை என்று உங்களில் ஒருவரே அவரிடம் கேட்டதாகச் சொன்னார். அதற்கு அவர் சொன்ன பதில்: "மொதல்ல மனுஷங்க பேசிக்கட்டும், அப்புறம் மெஷினு பேசட்டும். இல்லன்னா மெஷினு மேலயும் பிராது வரும்." பெட்டி தானே எல்லாம் செய்தாலும் மச்சான் மத்தியானத்தில் போன் போட்டு, "எடுக்கவா?" என்பார். நான், "எடுங்க" என்பேன். தேவையே இல்லை. ஆனாலும் பேசுகிறோம்.

அடக்கத்துக்கு நானும் மச்சானும் மேலவெளி, கீழவெளி ஆட்களும் ஒரே லோடு ஆட்டோவில் போனோம். பள்ளிவாசல் மையவாடியில் எங்களையும் மண் போட அழைத்தார்கள். மூன்று கை போட்டோம். மச்சான் திரும்பி வரும்போது அண்ணாந்து பார்த்து, "மாப்ளே, இங்க லைன் தாழ்வா போவுது பாத்தியா? அம்மா இந்நேரம் யாருக்காவது போன் போட்டிருக்கும்" என்றார். அம்மாவின் மகன் அதைக் கேட்டுவிட்டார். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அடக்கம் செய்த இடத்தில் சிரிக்க வைத்தோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் வந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆட்டுக் கொட்டகை நீங்கதானா?" என்றார். வீட்டில் எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது.

அவரிடமிருந்து எனக்கு என்ன தங்கியது என்று கேட்டீர்கள். போன வாரம் பக்கத்து ஊர்க் கீழவெளி ஆட்கள் நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள். அங்கேயும் இப்போது தகடு வைத்திருக்கிறார்கள். உச்சியில் பெட்டி நின்றுவிடுகிறது, மேலே உள்ளவன் கரண்டைப் பிடித்து வைக்கிறான், ஆள் திரட்டிக்கொண்டு போகப்போகிறோம் என்றார்கள். "அளந்தீங்களா?" என்றேன். முழித்தார்கள். அளக்கச் சொல்லி லைன்மேனை அனுப்பினேன். அளந்தால் கூடித்தான் இருந்தது. "போய், எங்களுக்கு மிச்சம் இருக்கு, நீங்க எடுத்துக்குங்கன்னு சொல்லுங்க" என்றேன். அன்றைக்கு மச்சான் என்னைப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தார்கள்.

எழுபது வயதுக்கு மேல் என் வாயில் ஏறிய வாக்கியம் அது. அதுதான் எனக்குத் தங்கியது. அவர்களில் மூத்தவர் வேலிப் படலிடம் போய்த் திரும்பி நின்று, "எப்புடிங்க அத வாய் விட்டுச் சொல்றது?" என்று கேட்டார்.

"மொத தடவ தொண்டை அடைக்கும்" என்றேன். "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."